மணல் பெட்டிக்குள் யாரும் இல்லை, ஆனாலும் ‘பூனை உள்ளே’ என்று நிற்கிறது. சென்சார் போய்விட்டதா?

கறுப்பன்வீடு:

வணக்கம் நண்பர்களே. நாலைந்து நாளாக மண்டையைக் குடைகிற விஷயம் ஒன்று, சென்சார் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு பூனைகள். பெரியவன் கறுப்பு, கருத்தடை செய்த ஆண், 5.1 கிலோ. சின்னவள் சாம்பல் நிறம், 3.4 கிலோ. இரண்டு பேரும் மூத்திரம், மலம் போவது ஒரே தானியங்கி மணல் பெட்டியில். டிரம் சுழன்று மணலைச் சலித்து, மூத்திரம் பட்டு இறுகிய கட்டிகளைக் கீழே டிராயரில் தள்ளுகிற வகை. வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

இப்போது இரண்டு கோளாறு. ஒன்று, பாதிச் சுற்றில் நின்றுவிடுகிறது, ஆப்பில் ‘பூனை உள்ளே’ என்று வருகிறது, ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே யாருமில்லை, இரண்டு பேரும் சோபாவில் படுத்துக் கிடக்கிறார்கள். பெரும்பாலும் மாலை நாலு மணிக்கு மேல்தான் இப்படி. இரண்டாவது, இரவில் பூனை வந்து போனதாகக் கணக்கில்லாமல் பதிவாகிறது. நேற்று இரவு மட்டும் 14 தடவை. முன்பெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாள் முழுக்கவே ஆறேழு தடவைதான் இருக்கும். கடைசிப் பதிவிலிருந்து ஏழு நிமிடம் கழித்து டிரம் சுற்றும் என்பதால் இரவெல்லாம் மோட்டார் சத்தம்தான், தூக்கமே இல்லை.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன், ரீசெட் கொடுத்தேன், எதற்கும் அசையவில்லை. வாரண்டி முடிந்துவிட்டது. எடை சென்சாரை மாற்ற வேண்டுமா, சுத்தம் செய்தாலே போதுமா? ஆப்பில் உணர்திறனைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அதைக் குறைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

திருகாணி:

உணர்திறனில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்னால் அதைக் குறைத்தால் கோளாறு மறைந்துகொள்ளுமே தவிர சரியாகாது.

முதலில் ஒன்று. இரண்டு தொந்தரவும் ஒரே சென்சாரிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. இந்த மாதிரிப் பெட்டிகளில் பொதுவாக மூன்று நான்கு சென்சார்கள் தனித்தனியாக வேலை பார்க்கும். அடியில் எடை பார்க்கிற லோடு செல். வாசல் பக்கம் பூனை நுழைகிறதா என்று பார்க்கிற இன்ஃப்ராரெட் கண். டிரம் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு சின்னக் காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற ஹால் சென்சார். டிராயர் நிரம்பிவிட்டதா என்று பார்க்க இன்னொரு கண். சிலவற்றில் ஏதாவது சிக்கினால் மோட்டாரை நிறுத்துகிற சென்சாரும் உண்டு. டிரம் தலைகீழாகவோ கோணலாகவோ நின்றால் ஹால் சென்சாரைச் சந்தேகப்படலாம், காந்தம் கழன்றிருக்கும் அல்லது டிரம் சரியாக உட்காராமல் இருக்கும். உங்களுக்கு அது இல்லை. ‘பூனை உள்ளே’ என்று வருவது எடையாலும் இருக்கலாம், வாசல் கண்ணாலும் இருக்கலாம்.

எடையைச் சோதிப்பது சுலபம். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்பக்கம் சுவரில் இடித்துக்கொண்டிருந்தாலே எடையில் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொள்ளும். பவர் ஒயர் அடியில் மாட்டியிருக்கிறதா, நாலு காலில் இரண்டு மட்டும் மிதியடி மேல் இருக்கிறதா, காலுக்கு அடியில் மணல் உருண்டை ஏதாவது போயிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த ‘சென்சார் போய்விட்டது’ கேஸ்களில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே முடிந்துவிட்டன. கார்பெட் மேல் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், கெட்டியான தரைதான் வேண்டும். ரசமட்டம் இருந்தால் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமானது. பிளக்கைச் செருகும்போது பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். நிறைய மாடல்கள் உயிர் வந்த முதல் சில நொடிகளில் இருக்கிற எடையைத்தான் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கையை ஊன்றியிருந்தாலோ மணல் பை ஒன்று சாய்ந்திருந்தாலோ, அதற்கப்புறம் வருகிற எல்லாக் கணக்கும் தப்பு. நீங்கள் ரீசெட் கொடுத்தபோது இப்படி நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

பூஜ்ஜியம் சரியாக எடுத்தபிறகு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை உள்ளே மணல் மேல் வையுங்கள். ஆப்பில் ஏறக்குறைய 2 கிலோ காட்ட வேண்டும். முன்னால், பின்னால், இடது, வலது என்று நகர்த்தி வையுங்கள். ஒரு மூலையில் மட்டும் குறைத்துக் காட்டினால் அந்தக் காலில்தான் பிரச்சினை. டிரம் சுற்றாதபடி முதலில் ஆப்பில் தானியங்கிச் சுழற்சியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

பஞ்சுப்பாதம்:

எங்கள் வீட்டிலும் ‘மாலை நாலு மணி’ நோய் இருந்தது. பெட்டி வாசல் மேற்கு ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா? வெயிலில் இன்ஃப்ராரெட் ஏகத்துக்கும் இருக்கும். சாய்ந்த வெயில் நேராக அந்தக் கண்ணில் விழுந்தால் அது திணறி, எதையோ பார்த்தது போல் நினைத்துக்கொள்ளும். இரண்டு நாள் திரையை இழுத்துவிட்டுப் பாருங்கள், அல்லது பெட்டியைத் திருப்பி வையுங்கள், பணம் செலவில்லாத சோதனை.

கண்ணைத் துடைத்து எத்தனை நாளாயிற்று? கட்டியாகும் மணல் பெரும்பாலும் பென்டோனைட் களிமண். பூனை பரண்டும்போதும் டிரம் சுற்றும்போதும் மாவு மாதிரித் தூசி கிளம்பும். மூத்திரம் போன ஈரக்காற்றில் அது லென்ஸ் மேல் மெல்லிசாகப் படிந்து கெட்டியாகிவிடும். பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், நான் ஏமாந்தது அப்படித்தான். வாசலின் மேல் விளிம்புக்கு உள்பக்கம் கறுப்பாக ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும், காட்டன் பட்ஸை லேசாகத் தண்ணீரில் நனைத்து அதில் ஒரு இழுப்பு இழுங்கள், பட்ஸ் சாம்பல் நிறமாகிவிடும். அப்புறம் காய்ந்த பட்ஸால் துடைத்துவிடுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் மட்டும் ஒரு சொட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால். அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கிற திரவம் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்து விரிசல் விட்டுவிடும். காற்றடிக்கிற டப்பாவை வைத்து ஊதாதீர்கள், முன்னால் இருக்கிற தூசி லென்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை எடுக்கப் பெட்டியையே கழற்ற வேண்டியிருக்கும்.

கண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மொபைல் கேமராவே போதும். அறையை இருட்டாக்கி, கேமராவை அந்த ஜன்னலுக்கு நேரே பிடித்தால் திரையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. பின்கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், பல போன்களில் அதில்தான் தெரியும். முதலில் டிவி ரிமோட்டை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், சில மாடல்களில் லேசரால் தூரம் அளக்கிற கண் இருக்கும், அது சில கேமராக்களில் தெரியாது, அதனால் புள்ளி தெரியவில்லை என்பதை வைத்தே செத்துப்போயிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எட்டாம்நம்பர்:

இதற்கெல்லாம் இவ்வளவு பாடுபட வேண்டாம் சகோ. எனக்கும் இப்படித்தான் சும்மா சும்மா நின்றுகொண்டிருந்தது, வாசல் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டேன், எடை சென்சார் மட்டும் போதும். மூன்று மாதமாக ஓடுகிறது.

திருகாணி:

எட்டாம்நம்பர், தயவு செய்து அந்த ஒயரை இன்றைக்கே மாட்டிவிடுங்கள். உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. எடை சென்சார் பூனை முழுசாக ஏறியபிறகுதான் பார்க்கும். டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பூனை தலையை மட்டும் உள்ளே நீட்டினால், முன்னங்காலை விளிம்பில் வைத்தால், எடையில் பெரிதாக ஒன்றும் ஏறாது, அந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்துவது வாசல் கண் ஒன்றுதான். சுற்றுகிற டிரம்முக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் கழுத்து மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு சரியில்லாத இயந்திரங்களில் பூனைகள் சிக்கிச் செத்திருக்கின்றன. மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னும் பூனை தப்பான நேரத்தில் தலையை நீட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

குட்டிகள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கும் இதே பேச்சு. ஒன்றரை கிலோவுக்குக் கீழே இருக்கிற குட்டியை நிறைய மாடல்களின் எடை சென்சார் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உங்கள் கையேட்டில் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும், குட்டி அதைத் தாண்டுகிறவரை தானியங்கியை அணைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு பட்டனை அழுத்திச் சுற்றுங்கள்.

எட்டாம்நம்பர்:

சரி, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஒயரை மாட்டிவிட்டேன். லென்ஸைத் துடைத்தேன், இதுவரை நிற்கவில்லை.

கறுப்பன்வீடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் முழுக்க இதோடுதான் இருந்தேன்.

பெட்டி வாசல் மேற்கு ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. போன வாரம் வீட்டைச் சுத்தம் செய்தபோது நானே திருப்பி வைத்திருக்கிறேன், அதற்கப்புறம்தான் மாலைத் தொந்தரவு ஆரம்பித்திருக்கிறது, இப்போதுதான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன். திருப்பிவிட்டேன், லென்ஸையும் துடைத்தேன். முதல் பட்ஸ் சாம்பல், இரண்டாவதும் சாம்பல், மூன்றாவதுதான் வெள்ளையாக வந்தது. அப்புறம் ஒரு தடவைகூடப் பாதிச் சுற்றில் நிற்கவில்லை.

எடையையும் பார்த்தேன். இரண்டு லிட்டர் பாட்டிலுக்கு முன்னால் 2.0, பின்னால் 2.1, இரண்டு பக்கமும் 2.0. நாலு காலும் தரையில்தான் இருக்கின்றன.

ஆனால் இரவுப் பதிவு குறையவில்லை. நேற்று 16. எல்லாமே இருபது முப்பது நொடிப் பதிவுகள். லோடு செல்லில் விட்டு விட்டு வருகிற கோளாறாக இருக்குமா? மல்டிமீட்டர் இருக்கிறது, கழற்றிப் பார்க்கட்டுமா?

நடுநிசி:

கழற்றுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். அந்த 16 பதிவிலும் எடை எவ்வளவு என்று காட்டுகிறது?

திருகாணி:

நடுநிசி கேட்டதுதான் சரியான கேள்வி. லோடு செல் கெட்டிருந்தால் எடை கண்டபடி வரும், 0.8, 2.3, 7 என்று தாறுமாறாக. வெப்பத்தால் பூஜ்ஜியம் நகர்ந்திருந்தால் மெதுவாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகும்.

கறுப்பன்வீடு:

இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 5.1, 5.0, 5.1, 5.1, 5.0... இரண்டு மட்டும் 3.4. மீதி 14-ம் 5.0 அல்லது 5.1.

நடுநிசி:

அப்படியென்றால் உங்கள் சென்சார் பொய் சொல்லவில்லை. கறுப்பன் ஒரே இரவில் 14 தடவை உள்ளே போயிருக்கிறான்.

பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் ரொம்பக் குறுகல். சிறுநீர்ப்பை அழற்சியாலோ, சிறுநீரில் படிகம் கட்டியோ, சளி மாதிரி அடைத்தோ மூத்திரம் வராமல் போனால் திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் போய் முக்கிவிட்டு ஒன்றும் போகாமல் வெளியே வரும். இருபது முப்பது நொடி என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அதுதான் தோன்றியது. முழுசாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. என்னுடைய பழைய பூனைக்கு நான் இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் காத்திருந்தேன். அவன் பிழைத்துக்கொண்டான், ஆனாலும் அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசைகிறது.

இப்போதே டிராயரைத் திறந்து கட்டிகளைப் பாருங்கள். வழக்கமான அளவில் இருக்கின்றனவா, கோலிக்குண்டு மாதிரிக் குட்டிக் குட்டியாக இருக்கின்றனவா, ரோஸ் நிறக் கறை ஏதாவது தெரிகிறதா? அவன் அடிக்கடி அடியில் நக்கிக்கொள்கிறானா, பெட்டிக்குள் இருக்கும்போது கத்துகிறானா? கட்டி ஒன்றுமே இல்லை, அல்லது சாப்பிடாமல் ஒதுங்கிக் கிடக்கிறான், வாந்தி எடுக்கிறான் என்றால் விடியும்வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இரவு நேரத்தில் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் இப்போதே போய்விடுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள்.

கறுப்பன்வீடு:

திறந்து பார்த்தேன். சின்னவள் போட்டது இரண்டு, கை அடங்குகிற அளவு. மற்றது எல்லாம் கோலிக்குண்டு, சரியாக எட்டு. ஒன்றில் லேசான ரோஸ் நிறம் இருக்கிறது. கறுப்பன் கட்டிலுக்கு அடியில் போய் நக்கிக்கொண்டிருக்கிறான். கூடையில் போட்டுக் கிளம்புகிறேன்.

பஞ்சுப்பாதம்:

போய்வந்து ஒரு வார்த்தை எழுதுங்கள். ஆப்பில் இருக்கிற பதிவை டாக்டரிடம் காட்டுங்கள், தேதியோடு இருப்பது அவருக்கு உதவும்.

கறுப்பன்வீடு:

நேற்று எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நல்ல செய்திதான். முழுசாக அடைக்கவில்லை, சிறுநீர்ப்பை அழற்சி, பரிசோதனையில் படிகங்களும் இருந்தன. வலிக்கு ஊசி போட்டு, மருந்து கொடுத்து, ஈர உணவுக்கு மாற்றி, தண்ணீர் நிறையக் குடிக்க வைக்கச் சொல்லியிருக்கிறார். மூத்திரம் நின்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வரச் சொன்னார். ஆப்பைப் பார்த்துவிட்டு, எந்த நாளிலிருந்து கூடியது என்று அவரே பின்னோக்கிப் பார்த்தார். ஆறு நாளைக்கு முன்னால் ஆரம்பித்திருக்கிறது. அந்த ஆறு நாளும் நான் மோட்டார் சத்தத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உணர்திறனைக் குறைத்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது என்று நினைக்கும்போது கை நடுங்குகிறது. நடுநிசி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இனி இந்தச் சென்சார்களை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். எதை எப்போது செய்ய வேண்டும் என்று திருகாணி சொன்னால் அப்படியே செய்கிறேன்.

திருகாணி:

கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. நான் என் பெட்டிக்குச் செய்வதைச் சொல்கிறேன்.

வாரம் ஒரு தடவை டிராயர் பை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசல் கண், டிராயர் கண் இரண்டையும் ஈரப் பட்ஸால் துடைப்பேன், இரண்டு நிமிட வேலை. பையின் வாயை நன்றாக இழுத்துவிட வேண்டும், மடிப்பு கண்ணுக்கு முன்னால் தொங்கினால் காலி டிராயரையே நிரம்பிவிட்டது என்று காட்டும். மணலை உள்ளே குறித்திருக்கிற கோட்டுக்கு மேல் போடவே கூடாது. கூடப் போட்டால் நல்லது என்று நினைப்போம், ஆனால் சுற்றும்போது அது வழிந்து அடிக்கூட்டில் இறங்கி கால்களுக்கும் பல்சக்கரத்துக்கும் போய்விடும்.

மாதம் ஒரு தடவை டிரம்மைக் கழற்றிக் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டுவேன். அடிக்கூட்டில் தண்ணீர் ஊற்றக்கூடாது, பிழிந்த துணிதான். அடிக்கூட்டில் டிரம்மைத் தொடுகிற உலோக முனைகள், பின்கள் இருந்தால் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், மூத்திரத்து அம்மோனியா அதை அரித்துவிடும். ஆரம்பத்திலேயே பார்த்தால் ஆல்கஹால் பட்ஸால் துடைத்தால் போதும். கழுவுவதற்கு வாசனை இல்லாத சாதாரண சோப்புத் தண்ணீர். பிளீச்சிங் திரவம் வேண்டாம், அது மூத்திரத்து அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுப்புகை வரும். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிற ஃபீனால் வகைத் திரவங்களும் கூடவே கூடாது, அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை என்றால் பூனையே உள்ளே போகாது.

தண்ணீர் பாட்டில் சோதனையை மாதாமாதம் செய்து எண்ணை எழுதி வையுங்கள். ஒரு மூலை மட்டும் குறைய ஆரம்பித்தால் அப்போது மல்டிமீட்டரை எடுக்கலாம். காலுக்கு ஒன்று என்று நாலு லோடு செல் இருந்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஒயர் இருந்தால், போர்டிலிருந்து கழற்றிவிட்டு இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். ஒரு ஜோடி ஒயருக்கு நடுவில் வருகிற மின்தடை (ஓம்), மற்ற இரண்டு ஜோடிகளில் வருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். நாலு செல்லிலும் அந்த எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதுதான் போனது. திருப்புளியால் செல்லின் நடுவில் அழுத்திப் பார்க்காதீர்கள், நல்லதும் கெட்டுவிடும்.

நடுநிசி:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பில் ஒவ்வொரு பூனைக்கும் வாரத்துக்கு எத்தனை தடவை, எடை எவ்வளவு என்று பாருங்கள். தடவை கூடி கட்டி சின்னதானால் இப்போது பார்த்த பிரச்சினை. தடவையும் கூடி கட்டியும் பெரிதாகி, எடை மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள், வயதான பூனைகளுக்கு அது அடிக்கடி வரும். பெட்டி சுற்றிச் சுத்தம் செய்துவிடுவதால் கட்டியை நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை, பை மாற்றும்போதாவது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

கறுப்பன்வீடு:

எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். நேற்று இரவுப் பதிவு மொத்தம் நாலு. 3.4 இரண்டு, 5.0 இரண்டு. காலையில் டிராயரைத் திறந்து பார்த்தேன், கறுப்பன் போட்ட கட்டி ஒன்று என் உள்ளங்கை அளவு இருக்கிறது.